கேன்சர் இல்லை என்று வந்த ரிப்போர்ட்

அரசு மருத்துவமனையில், பெண்கள் நோய் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள், கெட்ட ரிப்போர்ட்டை எப்படிச் சொல்வது என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு நல்ல ரிப்போர்ட்டைக் கண்டால்தான் பயம்.

ஆரோக்கியமேரிக்குக் குடவாசல் பக்கம். நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே நிற்கிறவள். மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருந்ததால் கொஞ்சம் சுரண்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியிருந்தோம். ரிப்போர்ட் வரும்வரை அவள் கணவர் சவரிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. நல்லபடியாக வந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக இருவரும் வேண்டிக்கொண்டார்கள்.

நல்லபடியாகவே வந்தது. சவரிமுத்து டாக்டரைக் கும்பிட்டார், என்னைக் கும்பிட்டார், வார்டு கூட்டுகிற அம்மாவையும் விடவில்லை. கேன்சர் இல்லாவிட்டாலும் உதிரப்போக்கு நிற்கவில்லை, பன்னிரண்டாவது இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் ஆறுதான் இருக்கிறது, இன்றே அட்மிட் ஆகி ரத்தம் ஏற்றிக்கொண்டு மாத்திரை தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். யார் காதில் விழுந்தது?

நான் மேரியைத் தனியே கூப்பிட்டு, நடந்தால் மூச்சு வாங்கவில்லையா என்று கேட்டேன்.

"வாங்குது சிஸ்டர். எப்பவும் வாங்குறதுதானே? மாதா காப்பாத்திக் குடுத்துட்டு, நான் நடக்கலன்னா எப்படி? போயிட்டு வந்து படுத்துக்கறேன்."

அன்றைக்கு அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. கட்டிப்போடவா முடியும்?

வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிற வழியில், கீழ்வேளூர் தாண்டி, ரோட்டோரம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. உடம்பில் ரத்தமே இல்லாமல் எத்தனை தூரம்தான் நடப்பாள்?

காரியமெல்லாம் முடிந்த பிறகு சவரிமுத்து வார்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"கேன்சர் இல்லன்னுதானே சிஸ்டர் சொன்னீங்க?"



அதன்பிறகு நான் ரிப்போர்ட் சொல்கிற வரிசையை மாற்றிக்கொண்டேன். ரத்தம் குறைந்தவள் என்றால், கட்டிலில் படுக்கவைத்து பாட்டில் ஏறத் தொடங்கும்வரை நல்ல செய்தியைச் சொல்லமாட்டேன். அதுவரை வராந்தாவில் அந்தக் குடும்பமே அழுதுகொண்டிருக்கும். கல்நெஞ்சக்காரி என்று கூட வேலை செய்தவர்களே திட்டியிருக்கிறார்கள். திட்டட்டும். பயந்திருக்கும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள்.