டிராகன் அம்மாவைக் கொன்ற படம்

அந்தப் படத்தை எடுத்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் எரிச்சல் இன்றுவரை தீரவில்லை. கதாநாயகனின் நீலக் குதிரையைக் கதையிலிருந்தே தூக்கிவிட்டு, பாவம், அவனைப் படம் முழுக்க நடக்கவிட்டார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டில் வாயே திறக்காத மனிதன், படத்தில் மூச்சுக்கு மூச்சு வசனம் பேசினான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டிராகனைக் கொன்றார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அப்போது எங்கள் வீடு குறிஞ்சிப்பாடியில். நான் மூன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம். செம்மங்குப்பத்தில் வேலை பார்த்த அப்பா, கம்பெனியில் வேண்டாமென்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரே ஒரு விளையாட்டு. வாளும் கவசமுமாக ஒருவன் காணாமல்போன இளவரசியைத் தேடிப் போவான். யார் என்ன பேசினாலும் திரையின் அடியில் இங்கிலீஷில் எழுத்து ஓடும். எனக்கு ஒன்றும் புரியாது. படித்துச் சொன்னவள் சித்தி, அம்மாவின் தங்கை. அவள் பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டு எங்களோடு தங்கி, தினமும் பஸ் ஏறிக் கடலூரில் டுடோரியலுக்குப் போய்வந்தாள்.

விளையாட்டின் முதல் கட்டத்துக்கும் அதே பெயர்தான். கதாநாயகன் வாள் வீசக் கற்றுக்கொள்ளும் இடம். பெரிய எழுத்தில் அது வந்ததும் சித்தி யோசிக்காமல் "டுடோரியல்" என்று சொல்லிவிடுவாள். கடலூரில் அவளும் அப்படித்தான் ஏதோ பெரிய காரியத்துக்குத் தயாராகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற வரிகளுக்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். கண்ணைச் சுருக்கித் திரையையே பார்ப்பாள். பிறகு கதை கொட்டும். வெள்ளைத் தாடிக்காரர் கதாநாயகனின் பெரியப்பா, வீட்டைப் பங்கு பிரிக்கும்போது ஏமாற்றியவர். குகையில் இருக்கும் டிராகன் வேறு யாருமில்லை, இளவரசியின் அம்மா. சாபத்தால் அப்படி ஆகிவிட்டாள்.

"அத வெட்டக் கூடாது பாப்பா. மக வருவான்னு ஒக்காந்திருக்கு, பாவம்" என்றாள் சித்தி.

ஆகவே நாங்கள் ஒரு நாளும் வெட்டியதில்லை. வாளை உறையில் போட்டுவிட்டுக் குகைக்குள் சுற்றிச் சுற்றி ஓடுவோம். அது நெருப்பை ஊதி எங்களைச் சாகடிக்கும். அம்மா என்றால் நாலு அடி அடிக்கத்தான் செய்வாள் என்று நானும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

அந்த விளையாட்டே படமாக வந்தபோது தலைகால் புரியாமல் குதித்தேன். கடலூரில் இங்கிலீஷிலும் சிதம்பரத்தில் தமிழிலும் ஓடியது.

"கடலூருக்கே போலாம் மாமா. ஒரிஜினல்ல பாத்தாதான் நல்லாருக்கும். பாப்பாவுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்று சித்தி அப்பாவிடம் கெஞ்சினாள்.

"தமிழ்லயே வருதில்ல, எதுக்கு அங்க போய் முழிக்கணும்?" என்று அப்பா எங்களைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போய்விட்டார். பஸ்ஸில் சித்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வாந்தி வருகிறதாக்கும் என்று எலுமிச்சம்பழத்தை நீட்டினேன்.

படத்தில் வெள்ளைத் தாடிக்காரர் கதாநாயகனுக்கு வாள் சொல்லிக்கொடுத்த குருவாம்! சித்தியின் கையை இடித்து, "தப்பா எடுத்துருக்காங்க" என்றேன். "ம்" என்றாள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் டிராகன் வந்தது. கதாநாயகன் நீளமாக ஒரு வசனம் பேசிவிட்டு அதன் கழுத்தை ஒரே வெட்டாக வெட்டினான். தியேட்டரே விசிலடித்தது. நான் சீட்டின் மேல் ஏறி நின்று கத்தினேன்.

"டேய், அது அவுங்க அம்மாடா!"

அக்கம்பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா என்னைப் பிடித்து உட்காரவைத்து, "யாருக்கு யாரு அம்மா? யாரு சொன்னா ஒனக்கு?" என்றார்.

"சித்திதான் இங்கிலீஷ்ல படிச்சு சொன்னாங்க. படம் எடுத்தவனுக்குத்தான் இங்கிலீஷ் தெரியல!"

அப்பா என் தலைக்கு மேலாகச் சித்தியைப் பார்த்தார். "இதுக்குத்தான் டெய்லி பஸ் ஏறிப் போறியாம்மா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். சித்தி, இடைவேளையில் போட்ட சோப்பு விளம்பரத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வந்து சேரும்வரை குதிரையையும் தாடியையும் சொல்லிச் சொல்லி நான் மட்டும்தான் புலம்பினேன்.

மறுநாள் விளையாட்டைப் போட்டுவிட்டுச் சித்தியைக் கூப்பிட்டேன். அவள் புத்தகமும் கையுமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நீயே வெளாடு. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

"படத்து மேல கோவமா சித்தி?"

"ஆமா" என்றாள்.

தனியாகவே குகைவரை போனேன். டிராகன் வாயைத் திறந்தது, அடியில் எழுத்து ஓடியது. என்ன சொல்கிறதென்று கேட்கத் திரும்பினேன். சித்தி உதடு அசைய ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. டுடோரியல் என்பது பரீட்சையில் தவறியவர்கள் போகிற இடம் என்றோ, அவளுக்குத் தவறியது இங்கிலீஷ் என்றோ அப்போது எனக்குத் தெரியாது. என் சித்தியை இப்படி அழவைத்துவிட்டார்களே என்று, படம் எடுத்தவர்களைத்தான் இன்னும் கொஞ்சம் திட்டினேன்.