தருமு அண்ணை கண்ட பூ

1996 பெப்ரவரி 17, சனிக்கிழமை, காலை பத்து இருபது. மலர்வளையங்கள் பதினான்கு. எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பதினான்கும் வந்திருந்த எங்களைப் பார்த்தபடி நின்றன. கொடுத்தவர்களின் பெயர்கள் நாடாவில் மினுங்கின. சவப்பெட்டிக்குள் கிடந்த தருமு அண்ணையின் பக்கம் ஒரு பூவும் திரும்பியிருக்கவில்லை.

நாலு நாளைக்கு முன், செவ்வாய் காலை, அவருடைய மனைவி ரெலிபோன் எடுத்தார். "தம்பி, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்." மாரடைப்பு. "எத்தனை மணிக்கு அன்ரி?" என்றுதான் எனக்குக் கேட்கத் தெரிந்தது.

நாங்கள் வேலை செய்த சிறிய அருங்காட்சியகம் அனுப்பிய இரங்கல் கடிதம் இரண்டு வரி. "ஒருநாளும் பிந்தி வராத காவலாளி." எகிப்து அறையில் ஆறு வருடம் நின்ற மனிதரிடம் இவர்கள் கண்டது மணிக்கூடு மட்டும்தானா?

அவர் கண்டதை நான் சொல்கிறேன். அந்த அறையில் ஒரு கல்லறைப் பலகை இருக்கிறது. கதிரையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண், எதிரே நிற்கும் மகன், நடுவில் அப்பமும் பழமும் குவித்த மேசை, அதற்கு மேலே ஒரு நீல அல்லி. பூவின் காம்பு இருந்த இடத்தில் கல் உடைந்திருந்தது. அதைக் கோட்டுப்படமாக வரைவது என் வேலை. உடைந்த இடத்தில் நான் காம்பைப் பெண்ணின் கைக்கு இழுத்துவிட்டேன். "மகனுக்குப் பூக் கொடுக்கும் தாய்" என்று விளக்க அட்டையும் ஏறியது.

வெக்ஸ்போர்டில் இருந்த வீட்டிலிருந்து வேலைக்கு பஸ் ஏறி வரும் தருமு அண்ணை ஞாயிறுகளில் கோயிலில் பூத்தொண்டு செய்பவர். என் படத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஐசே, உது பிழை. பூ அவவின்ரை மூக்கடியிலை நிக்குது. மணந்து பாத்த பூவை ஆரும் குடுப்பினமே? விரிஞ்ச பக்கமும் அவவைத்தான் பாக்குது. பூ அவவுக்கு வந்தது. உவ சாமி."

"சாமி இல்லை அண்ணை, செத்துப்போன மனிசி. நீங்கள் கதவைப் பாருங்கோ, நான் கோட்டைப் பாக்கிறன்."

"கதவு ஓடாது. நீர் இஞ்சை வாரும்."

தன் ரோச் லைற்றைப் பலகையின் ஓரத்தில் வைத்துச் சரித்து அடித்தார். நேர் வெளிச்சத்தில் தெரியாத மெல்லிய பள்ளம் நிழலோடு எழும்பியது. காம்பு போனது மகனின் கைக்கு. மகன்தான் செத்த தாயின் மூக்குக்கு நேரே பூவை நீட்டுகிறான். சாமி என்றதில் அண்ணை பிழை, மற்றதெல்லாம் சரி. அளவுகோலோடு நின்ற நான் முழுப் பிழை.

படத்தைத் திருத்திக் கொடுத்தேன். பிழையைக் கண்டது தருமு அண்ணை என்று மேலாளருக்குச் சொன்னேன். "காவலாளிகளின் பெயர் அட்டையில் போடுவதில்லை" என்றார். புது அட்டை வந்தது: கண்டறிந்து திருத்தியவர், நான். அதை வாசித்துவிட்டு அண்ணை சிரித்தார். "உம்மடை பேர் நல்ல பெரிசு. கண்ணாடி போடாமலே வாசிக்கலாம்."

"மாத்துவிக்கிறன் அண்ணை."

"ஓம், ஓம். ஆறுதலாச் செய்யும்."

ஐந்து மாதம் அவசரமே படாமல் ஆறுதலாகத்தான் இருந்தேன். மேலாளரில் எனக்கு வரும் கோபத்தில் பாதி எனக்கும் சேர வேண்டியது. தினமும் அந்த அட்டையைத் தாண்டிச் சாப்பிடப் போனவன் நான்.

அவரைத் தெரிந்த உங்களுக்குத்தான் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எழுதுகிறேன். சரித்துப் பிடித்த வெளிச்சம், அது மட்டும் என்னிடம் மிச்சம். இனி நான் செய்யப்போவது:

1. திங்கள் காலை ஒன்பதுக்கு மேலாளர் முன் நிற்பேன். அட்டையில் தருமலிங்கம் என்ற பெயர் வர வேண்டும்.

2. மறுத்தால் என் பெயரை எடுக்கச் சொல்வேன். அதையும் மறுத்தால் வேலையை விடுவேன்.

3. அந்தியேட்டிச் சடங்கன்று ஒரு பூ கொண்டு வருவேன். மணந்து பார்க்க மாட்டேன். நாடா இராது, என் பெயர் இராது. அங்கே வைத்திருக்கும் புகைப்படத்தில் அவர் மூக்குக்கு நேரே, விரிந்த பக்கம் அவரைப் பார்க்க வைப்பேன். யாரும் திருப்பி வைக்க வேண்டாம்.