சுண்ணாம்புக் கோடு

என் அக்காள் சாயிராவின் கணவர் நாகூர் கனிக்குத் தாராவியில் பைக் ரிப்பேர் கடை. முன்கோபி. ஸ்பேனரை வீசிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். 1985இல் செம்பூர்ப் பணக்காரர் ஒருவர், ராஜஸ்தான் பாலைவனத்தில் நடந்த பைக் பந்தயத்துக்கு அவரை மெக்கானிக்காகக் கூட்டிப்போனார். திரும்பி வந்த மனிதருக்குப் பித்துப் பிடித்திருந்தது.

"வண்டிய அவுத்து மாட்டுறவன் பூரா நம்மாளு. ஏறி ஓட்டுறவன் பூரா சேட்டு மவனுவ. நாம ஏறுனா மண்ணு வேண்டாம்னா சொல்லப்போவுது, பரீது?" என்றார் என்னிடம்.

பம்பாயில் பாலைவனத்துக்கு எங்கே போவது? வாஷியில் புது நகரம் கட்ட மண் கொட்டிச் சமப்படுத்திய பொட்டல் கிடந்தது. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே புழுதியைத் தவிர ஒன்றும் இல்லை. மழைக்கு முன்னால் நான்கு ஞாயிறு, நான்கு பந்தயம், மெக்கானிக்குகளும் வெல்டர்களும் மட்டும் ஓட்டுவது என்று முடிவு செய்தார்.

அடுத்த வருடம் முழுக்க அனுமதிக்கு அலைந்தோம். நகரம் கட்டுகிற ஆபீசில் போலீஸ் கடிதம் கேட்டார்கள்; போலீசில் ஆபீஸ் கடிதம் கேட்டார்கள். கடைசியில் ஒரு குமாஸ்தா கபடிப் போட்டி என்று எழுதி முத்திரை குத்திக்கொடுத்தான். ஓட்டுகிறவர்கள் பன்னிரண்டு பேர், ஹெல்மெட் ஆறு. அதனால் ஆறு ஆறு பேராக விட்டோம். டாக்டர் யாரும் வரவில்லை. தேவ்நாரிலிருந்து ஒரு டெம்போவைப் பிடித்து, உள்ளே மெத்தை போட்டு, அதுதான் ஆம்புலன்ஸ் என்றார் கனி.

அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். யாரும் தன் வண்டியைத் தான் ஓட்டக்கூடாது. சீட்டுக் குலுக்கி எடுத்து, வந்த வண்டியை ஓட்டவேண்டும். அப்போதுதான் எவனும் தன் வண்டியில் காசைக் கொட்டமாட்டான், ஏழையும் ஜெயிப்பான் என்பது அவர் கணக்கு. அடுத்தவன் ஏறப்போகிற வண்டி என்பதால் அசட்டையாக இருந்துவிடுவார்களோ என்று எல்லா வண்டியையும் தானே சோதிப்பார். பிரேக், செயின், சக்கரம் எல்லாம் பார்த்து, சரி என்றால் டாங்கில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். கோடு இல்லாத வண்டி பந்தயத்தில் கிடையாது. ஒருத்தனை, பிரேக் கட்டை தேய்ந்திருந்ததற்காகப் பெற்றவர்கள் வரை இழுத்துத் திட்டி விரட்டியிருக்கிறார்.

இரண்டு ஞாயிறு நன்றாகவே நடந்தன. இரண்டிலும் ஜெயித்தவன் ஜம்பு, செம்பூர் வெல்டர். நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த மாதிரி சிரிப்பான்.

மூன்றாம் ஞாயிறு ஒரு வண்டி வரவில்லை. கனி தன் சொந்த வண்டியைக் கொடுத்தார். மற்ற வண்டிகளைச் சோதித்து முடித்த நேரத்தில், கபடிக்கு எதற்கு பைக் என்று போலீஸ் ஹவல்தார் வந்து நின்றார். கனி அவரைச் சமாளிக்கப் போனார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய வண்டியில் மட்டும் கோடு இல்லை.

"கனி பாய் வண்டிக்கு எவன்ல செக்கிங் பண்ணுவான்?" என்றான் ஒருத்தன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சுண்ணாம்பை எடுத்துக் கோடு போட்டேன். பிரேக்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

சீட்டில் அந்த வண்டி ஜம்புவுக்கு வந்தது. சந்தோஷத்தில் குதித்தான். இரண்டாம் சுற்றில், புதிதாகக் கட்டிய கால்வாய்க்கு இறங்கும் சரிவில் வேகம் குறையவே இல்லை. நேராக உள்ளே போய் விழுந்தான். டெம்போவில் பம்பாய்க்குத் திரும்பும் பாலம் தாண்டும்போது, "பாய், எங்காலு இருக்கா?" என்று மட்டும் கேட்டான். முதுகெலும்பு முறிந்திருந்தது.

மறுநாள் கனி வண்டியைப் பிரித்தார். முன்பிரேக் கம்பி துருவேறி அறுந்து கிடந்தது. குனிந்து பார்த்தால் குருடனுக்கும் தெரியும்.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப்போனார். கட்டில் பக்கத்தில் ஜம்புவின் மனைவி ஆறுமுகத்தாய் உட்கார்ந்திருந்தாள். கனி சுற்றி வளைக்கவில்லை.

"ஜம்பு, பிரேக் கம்பி மோசமா இருந்திருக்குடே. நான் என் வண்டியப் பாக்கவே இல்ல."

ஜம்பு கேட்டான்: "கோடு கெடந்துச்சே பாய். அதப் பாத்துட்டுத்தான ஏறுனேன்?"

கனி திரும்பி என்னைப் பார்த்தார். தான் போடவில்லை என்பது அவருக்குத் தெரியும். சுண்ணாம்பு யார் கையில் இருந்தது என்பதும் தெரியும். நான் கட்டிலில் தொங்கிய மருந்துச் சீட்டைப் படிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"நாந்தான் போட்டேன். பாக்காமப் போட்டேன்" என்றார் கனி.

ஆறுமுகத்தாய் எழுந்து அவர் முகத்தில் துப்பினாள். ஸ்பேனர் வீசுகிற மனிதர், துடைக்காமல் அப்படியே நின்றார்.

நாலாவது பந்தயம் நடக்கவில்லை. அன்று ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும், "நான் சொல்லிர்றேன் மச்சான்" என்று அழுதேன். "சொல்லி? அவன் எந்திச்சு நடப்பானா? ஒங்கக்காவுக்குத் தெரியவேண்டாம். மூடிட்டு வா" என்றார். அவர் தடுத்ததால்தான் சொல்லவில்லை என்று நான் எனக்கே பொய் சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையில், அவர் தடுத்தது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது 1989. மாதம் ஒருமுறை அரிசியும் மருந்தும் எடுத்துக்கொண்டு செம்பூருக்குப் போகிறோம். ஆறுமுகத்தாய் கனியை வாசல் ஏறவிடுவதில்லை. சந்து முனையில், வெயிலானாலும் மழையானாலும், அவர் நிற்பார். நான் மட்டும் உள்ளே போவேன். "நீங்களாச்சும் வந்து எட்டிப் பாக்கீயளே தம்பி, நல்லாருப்பீய" என்று சொல்லி எனக்கு டீ போட்டுத் தருவாள். நானும் வாங்கிக் குடிக்கிறேன்.