வெள்ளிமலைக்கு ஒரு ஜெட்

சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு ஜெட் இருந்தன. ஒன்று எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு, இன்னொன்று மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு. ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னப் பித்தளைத் திருகு. அதன் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அந்த ஓட்டைதான் தீர்மானிக்கும். ஒன்பது வயதில் எனக்கு வாய்ப்பாடு சரியாக வராது. ஆனால் இது தெரியும்.

அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது இளையவர் சித்தப்பா. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஆயில் எஞ்சின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். எல்லோரும் ஓட்டுகிற சாதாரண வண்டியைத்தான் அவரும் வாங்கினார். பிறகு சேலத்துக்குக் கொண்டுபோய், சைலன்ஸரைத் தொடை உயரத்துக்குத் தூக்கி வைத்து, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் போட்டுக்கொண்டு வந்தார். ரோட்டிலும் ஓடும், ஓடைக்கல்லிலும் ஓடும் என்றார். அதற்கு ஏற்றபடி கீழே ஊரில் நூறாம் நம்பர் ஜெட் போட வேண்டியிருந்தது. மலையில் காற்று கம்மி. அங்கே அதே நூறு இருந்தால் பெட்ரோல் ஜாஸ்தியாகி வண்டி கரும்புகை கக்கி நின்றுவிடும். அதனால் மலையேறும்போது ஓட்டை சிறிய தொண்ணூற்றிரண்டு. இறங்கியதும் மறுபடி நூறு. மறந்தால் எஞ்சின் சூடேறி இறுகி நின்றுவிடும். இதைச் சரிபார்க்க அந்த ஆறு மாதமாக அவர் வாரம் தவறாமல் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு ஜெட்டைச் சோதிக்க அத்தனை வாரம் எதற்கு என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அது எங்கள் ஜனத்துக்கு இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த காலம். புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அப்பா எங்கள் ஜாதிச் சங்கத்தில் இருந்தார். காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சின்னசேலம் சாலை மறியலுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். நாங்கள் பிள்ளைகள் காலி ரோட்டில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடினோம்.

மறியலின்போது ஒரு புதன்கிழமை சித்தப்பா என் அம்மாவிடம் வந்து, “அண்ணி, பாப்பாவ இட்டுக்கினு மலைக்கிப் போய்ட்டு வரேன். ஜெட்டு பாக்கணும்” என்றார்.

“இன்னிக்கா? ரோடெல்லாம் மரமாச்சே.”

“கொழந்தையோட போனா வுட்ருவாங்க அண்ணி.”

அம்மா என் தலையை வாரிவிட்டு அனுப்பினார்.

கச்சிராயபாளையம் தாண்டி ஒரு பெரிய புளியமரம் படுத்திருந்தது. அதன்மேல் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள்.

“எங்கண்ணே போறீங்க?” என்றான் ஒருவன்.

“மலைக்கிடா. ஜெட்டு மாத்திப் பாக்கணும்.”

“நாடே நின்னுக்கினு இருக்குது. உனுக்கு இப்பத்தான் ஜெட்டா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். ஆனாலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு பேர் வண்டியைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். ஐந்தாவது ஆள் என்னைத் தூக்கி வைத்தார். எதற்கு உதவுகிறோம் என்று தெரிந்திருந்தால் வண்டியை அங்கேயே எரித்திருப்பார்கள்.

மலையடிவாரத்தில் ஒரு பாறை ஓரமாக வண்டியை நிறுத்தி, பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரைச் சாய்த்து, அடிக்கிண்ணத்தைக் கழற்றினார் சித்தப்பா. நூறைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். தொண்ணூற்றிரண்டை ஒரு தீப்பெட்டியிலிருந்து எடுத்து, வாயால் ஊதி, வெளிச்சத்தில் தூக்கி ஓட்டையைப் பார்த்தார். ஜெட் நழுவிச் சருகுக்குள் விழுந்தது. இருவரும் முழங்காலிட்டுத் தேடினோம். வழக்கமாக ஒரு போல்ட் விழுந்தாலே திட்டித் தீர்ப்பவர், அன்று ஒரு வார்த்தை பேசாமல் தேடினார். நான்தான் கண்டுபிடித்தேன். “நீ இல்லன்னா இன்னிக்கி என் கதி அவ்ளோதான் பாப்பா” என்றார். ஒரு திருகுக்காக இவ்வளவா என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி மலையை ஒரே மூச்சில் ஏறியது. மேலே போனதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி, வெள்ளையாக இருந்தால் கம்மி, காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் சரி. அது நல்ல காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. வேலை முடிந்தது, இனித் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். சித்தப்பா திரும்பவில்லை. வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

அங்கே ஒரு நர்ஸ் இருந்தார். மலை ஜனத்தில் பிறந்து படித்து வேலைக்கு வந்தவர். அந்த ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைச் சித்தப்பாதான் பழுது பார்ப்பார், அப்படிப் பழக்கமாம். அந்த நர்ஸ் எனக்கு ஒரு தட்டில் தேனும் பலாச்சுளையும் கொடுத்து வராந்தாவில் உட்கார வைத்தார். இருவரும் வாசற்படியில் நின்று பேசினார்கள்.

“ஜெட்டு சரியாச்சா?” என்றார் அந்த அக்கா.

“இன்னும் கொஞ்சம் பாக்கணும்.”

“இல்லக்கா, சரியாயிடுச்சி. பிளக்கு காப்பித்தூள் மாதிரி இருக்குது” என்றேன் நான்.

சித்தப்பா படியில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் தேய்த்தார். பிறகு அந்த அக்கா, “வெள்ளிக்கிழம எங்க வூட்டுக்கு ஆளுங்க வர்றாங்க. அப்பாவுக்கு இன்னா பதில் சொல்லட்டும்?” என்றார்.

“எங்க அண்ணங்கிட்ட இன்னும் சொல்லல. வாயத் தொறந்தா வார்த்த வரமாட்டேங்குது.”

“ஆறு மாசமா இதையேதான் சொல்றீங்க. எங்கப்பா ஜெட்டு பாத்துக்கினு ஒக்காந்திருக்க மாட்டாரு.”

சித்தப்பா தலையைத் திருப்பி, தேனை நக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். “இன்னிக்கே தெரிஞ்சிடும்” என்றார்.

விருந்தாளிகளைப் பற்றிய பேச்சு எனக்கு எதற்கு? இன்னொரு சுளை இருக்கிறதா என்று கேட்டேன். அந்த அக்கா சிரித்தபடி உள்ளே போனார்.

இருட்டுவதற்குள் வீடு திரும்பினோம். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்த அனைத்தையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். மரம், சருகு, காப்பித்தூள், பலாச்சுளை, அக்கா, வெள்ளிக்கிழமை வரப்போகிற ஆட்கள், அண்ணனிடம் சொல்ல வார்த்தை வராதது. சொல்லச் சொல்ல அம்மாவின் குழம்புக் கரண்டி சட்டிக்கு மேலேயே நின்றுபோனது. அப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். சித்தப்பா ஏற்கெனவே துடைத்த வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எத்தினி நாளா நடக்குது?”

“ஆறு மாசம்ணா.”

“நம்ப ஜனத்துக்காக மரத்த வெட்டிப் போட்டு நான் ரோட்டுல ஒக்காந்துக்கினு இருக்கறேன். நீ அந்த மரத்தயே தாண்டிப் போய் வேற ஜனத்துல பொண்ணு பாத்துக்கினு வர்ற.”

அடுத்த நாள் முழுவதும் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. நான்தான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டேன் என்று பயந்து, சித்தப்பாவின் கண்ணில் படாமல் மாட்டுக் கொட்டகையிலேயே சுற்றினேன்.

வியாழன் ராத்திரி அம்மா மட்டும் அப்பாவிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், “எட்றா வண்டிய” என்றார். இருவரும் புறப்பட்டார்கள். கச்சிராயபாளையம் மரத்தில் இருந்தவர்கள் அப்பாவைப் பார்த்ததும் மறியலைப் பார்வையிட வந்திருக்கிறார் என்று எழுந்து நின்று வணக்கம் வைத்து, கேள்வியே கேட்காமல் வண்டியைத் தூக்கிக் கொடுத்தார்களாம். அடிவாரத்தில் சித்தப்பா ஜெட் மாற்றி முடிக்கும்வரை, தூறலில் நனையாமல் கார்புரேட்டருக்குக் குடை பிடித்தபடி அப்பா நின்றாராம். பெண் பார்க்க வரவேண்டியவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தை மாதம் கல்யாணம். சங்கத்தில் சிலர் வரவில்லை. மரத்தில் உட்கார்ந்திருந்தவர்களிலும் பாதிப் பேர்தான் வந்தார்கள். அப்பா அன்று சிரித்ததாக நினைவில்லை. ஆனால் கடைசிப் பந்தி எழும்வரை இலைகளுக்கு நடுவே நின்று கவனித்தார்.

என் வாயால்தான் எல்லாம் அம்பலமானது என்ற குற்ற உணர்ச்சி வெகுகாலம் எனக்குள் இருந்தது. என் சித்தியாகிவிட்ட அந்த அக்காவிடம் போன வருடம் அதைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையிலிருந்து வீடுவரை அவ்வளவு தூரமும் என்னை முன்னால் உட்கார வைத்து வண்டி ஓட்டிவந்த சித்தப்பா, ‘வூட்ல சொல்லாத பாப்பா’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.