கப்பல் நாளும் முன் சக்கரமும்

அறுபதுகளின் நடுவில், அந்தமானில் விம்பர்லிகஞ்சுக்கு மேலே மரம் வெட்டுகிற ஒரு கேம்ப்பில் நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். என் மனைவிக்கு என்னைவிட அதிகமாக வரும்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே அவளை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் தீவுக்குக் கப்பல் ஏறியவன் நான். பிறகு மகள் பிறந்தாள். பிறந்த சேதி வந்ததே தவிர, முகத்தை நான் பார்க்கவில்லை. தங்குவதற்கு ஒரு ஓலைக் கொட்டகை கிடைத்ததும், கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் காத்திருப்பேன், வந்துவிடு என்று எழுதிப் போட்டேன். வருகிறேன் என்றாள், கூடவே ஒரு மிரட்டலும் வைத்தாள். "எறங்கும்போது ஜெட்டியில ஒங்க மூஞ்சி தெரியலைன்னா, புள்ளையத் தூக்கிக்கிட்டு அதே கப்பல்ல திரும்பிருவேன்." சொன்னால் செய்கிறவள் அவள். அதுவரை கடலையே பார்த்ததில்லை, இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. கைக்குழந்தையோடு சாத்தம் ஜெட்டியில் திருதிருவென்று நிற்பாளே என்பதுதான் என் பயம்.

மெட்ராஸ் கப்பல் வருகிற நாள் வந்தது. அன்றைக்குத் தீவில் திருவிழாதான். வெங்காயம், வெற்றிலை, தபால், சொந்தக்காரர்கள் எல்லாம் அதில்தான் வரவேண்டும். சொந்தம் யாரும் வராதவன்கூட வேடிக்கை பார்க்க ஜெட்டிக்குப் போய் நிற்பான். பம்பூபிளாட் வரை லாரி, அங்கிருந்து படகில் சாத்தம் என்பது என் திட்டம். கப்பலில் வரும் அரிசி மூட்டைகளை ஏற்றிவரச் சொல்லி முதலாளி லாரியைக் கொடுத்திருந்தார். படிய வாரிய தலையும் அபர்டீன் பஜாரில் வாங்கிய வெள்ளைச் சட்டையுமாக மாப்பிள்ளை கணக்காகக் கிளம்பினேன். மூட்டை ஏற்றுகிற ராஞ்சிக்காரர் ஒருவர் துணைக்கு வந்தார். கேம்ப்பில் எனக்கு நெருங்கிய சிநேகிதர். எங்கள் பேச்செல்லாம் ஓட்டை இந்தியில்தான்.

அந்த லாரி உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போனது. முந்தின நாள் கடல் ஓதம் ஏறிய ஓடையில் அதைச் சக்கரம் முங்க இறக்கி ஏற்றியிருந்தேன். பாதி வழியில் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. தீய்ந்த வாடை வேறு. இறங்கி இடது முன் சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் விழப்போகிற பல் மாதிரி ஆடுகிறது. பேரிங் போய்விட்டது.

ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். நட்ட நடுச் சாலையில் நிற்கிறோம். சட்டையைக் கழற்றி உள்ளே மாட்டிவிட்டு வெற்று உடம்போடு இறங்கினேன். கோணி ஒன்றை விரித்து, சக்கர மூடி, நட்டைப் பூட்டுகிற பின், நட், வாஷர், பேரிங் என்று கழற்றக் கழற்ற அதில் வரிசையாக வைத்தேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் உப்புத் தண்ணீர் கலந்து மோர்க்குழம்பு மாதிரி ஏதோ இருந்தது. வெளிப்பக்க பேரிங்கில் உருளைகள் நீலம் பாரித்துக் கிடந்தன. நல்லவேளை, சாமான் வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும் என்பதால் தீவில் யாரும் பழையதைத் தூக்கி எறிய மாட்டோம். சீட்டுக்கு அடியில் இன்னும் உயிருள்ள ஒரு பழைய பேரிங் வைத்திருந்தேன்.

அதை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அங்கே மழைக்குக் குடையை யார் தேடினார்கள்? கோணியின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகினால் கொங்காணி. சாமான்களை அள்ளி ஒரு தகரத்தில் போட்டுவிட்டு, அந்தக் கோணியையே தலையிலிருந்து முதுகு வரை மாட்டிக்கொண்டேன். பேரிங்கில் புதுக் கிரீஸை அப்பிச் சக்கரத்தை ஏற்றுகிற நேரம், தூரத்தில் கப்பலின் சங்கு ஊதியது.

அவசர அவசரமாக நட்டைப் போட்டேன். என்ன கருமமோ, அளவாக இறுக்கினால் நட் வழக்கத்தைவிட உள்ளே போய் நிற்கிறது. அச்சில் பின் போடுகிற ஓட்டை நட்டின் பள்ளத்தைத் தாண்டி வெளியே தெரிகிறது. ஓட்டைக்கு நேராக வரட்டும் என்று தளர்த்தினால் சக்கரம் ஆடுகிறது. திரும்பக் கழற்றினேன், திரும்பப் போட்டேன். அப்புறம்தான் உறைத்தது. நடுவில் ஒரு கனம் குறைகிறது. வாஷர் இல்லை!

தகரத்தைக் கவிழ்த்தோம். மணிக்கணக்காகச் சேற்றைத் துழாவினோம். சிநேகிதர் பள்ளத்தில் பாதி தூரம் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சோடோ யார், கஸ்கே சலோ," என்றார். விட்டுத்தள்ளு, இறுக்கிவிட்டுக் கிளம்பு என்கிறார்.

எப்படிக் கிளம்புவது? வாஷர் இல்லாமல் ஓட்டினால் பேரிங் சுற்றுகிற வேகத்தில் நட்டையும் சேர்த்துத் திருப்பும். ஒன்று சக்கரம் இறுகி நிற்கும், இல்லை, கழன்று எங்களுக்கு முன்னால் பள்ளத்தில் உருளும். பால் டப்பாவை வெட்டி ஒரு வாஷர் செய்து பார்த்தேன். அது அப்பளமாக நொறுங்கியது. நடந்தே போகலாமென்றால் ஜெட்டி காலியான பிறகுதான் போய்ச் சேருவேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதில் முதுகில் வேறு ஏதோ குத்திக்கொண்டே இருந்தது. அட்டைப்பூச்சி ஏறியிருக்கும், குடிச்சுத் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது எதிரே பம்பூபிளாட்டிலிருந்து பஸ் வந்து, லாரி வழியை அடைத்து நின்றதால் ஹாரன் அடித்தது. வெங்காய மூட்டையும் கோழியுமாக ஜனம் இறங்கிக் கூடியது. பஸ் டிரைவர் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "அரே பெஹன், யஹி தோ ஹை தும்ஹாரா ஆத்மி!" என்று கத்தினார். உன் புருஷன் இதோ நிற்கிறான் என்று அர்த்தம்.

இறங்கினவள் என் மனைவி. இடுப்பில் குழந்தை.

முகமெல்லாம் கிரீஸும் தலையில் கோணியுமாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த ஆளா?" என்று டிரைவரைக் கேட்டாள். பிறகு கிட்ட வந்து, கோணியை ஒரே இழுப்பாக இழுத்தாள். "என்னங்க இது, முதுகுல மெடல் குத்தியிருக்கீங்க!"

வாஷர்! கோணியில் கிரீஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அதை மாட்டிக்கொண்டபோது என் முதுகுக்கு இடம் மாறியிருக்கிறது. ஊரெல்லாம் தேடியது என் மேலேயே சவாரி செய்திருக்கிறது. அவள் அதைப் பிய்த்து எடுத்து நீட்டினாள். பஸ்ஸே சிரித்தது. என் மகள் மட்டும் என் முகத்தைப் பார்த்து வீரிட்டு அலறினாள். எனக்கு அந்த அலறல்கூட இனித்தது. கை முழுக்கக் கிரீஸ் இருந்ததால் பெற்ற பிள்ளையைத் தூக்க முடியவில்லை, அந்தத் தவிப்பை எப்படிச் சொல்ல?

குழந்தை ஒரு பெங்காலி அம்மாவின் கைக்குப் போனது. நான் வாஷரைப் போட்டு நட்டை முடுக்க, முந்தானையைச் செருகிக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினவள் என் மனைவி. இறுகும்வரை முடுக்கி, கொஞ்சம் தளர்த்தியதும் ஓட்டையும் பள்ளமும் நேருக்கு நேர் வந்தன. பின்னைச் செருகி வளைத்தேன். அவள் ஒரு தட்டுத் தட்டினாள், சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. கூட்டம் கைதட்டியது.

"திரும்பிருவேன்னு சொன்னியே?" என்று கேட்டேன்.

"விட்டாத்தானே! அவரு வராம நகர மாட்டேன்னு பெட்டி மேலயே உக்காந்துட்டேன். மெயின்லேண்டுப் பொண்ணுங்க எல்லாமே இப்படித்தான் சொல்லுமாம். ஒரு மலையாளத்தம்மா புள்ளைய வாங்கிக்கிச்சு, ஒருத்தரு பெட்டியத் தூக்கிட்டாரு, படகுல ஏத்தி பஸ்ஸுல உக்கார வச்சிட்டாங்க. லாரி டிரைவர்னு சொன்னேன், எந்த கேம்ப்புன்னு அவங்களே சொல்றாங்க!"

கையைத் தேய்த்துக் கழுவி மகளை வாங்கினேன். மறுபடியும் அலறினாள், ஆனால் என் விரலை விடவில்லை.

அதன் பிறகு தீவில் இருந்தவரை, எங்களுக்கு யாரும் வராவிட்டாலும் கப்பல் நாளில் இரண்டு பேரும் ஜெட்டிக்குப் போய்விடுவோம். பெட்டி மேல் உட்கார்ந்து முழிக்கிற புதுப் பெண் யாராவது கண்ணில் பட்டால், "எந்த ஊரும்மா, யாரு வீடு?" என்று என் மனைவிதான் முதலில் கேட்பாள். நான் போய் நிற்காவிட்டால் அவளுக்கு யாருமே இல்லை என்று அன்றைக்குப் பயந்தேன். எனக்கு முன்னாலேயே ஒரு ஊரே போய் நின்றிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் மனசு நிறைந்துவிடுகிறது.