கழிவு பீடியை முதலில் கசக்கியவர்

காதர் பாய் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள்... மதியமே அடக்கம். முட்டி வலி என்று சொல்லி நான் போகவில்லை. முட்டி வலி மட்டும் காரணமில்லை.

ஐம்பதுகளில் ராயபுரத்தில் ஒரு பீடிக் கம்பெனியில் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றியவர்கள். எனக்கு நன்றாகப் படிக்க வரும். அதனால் தினமும் நான் சத்தமாகப் பேப்பர் படிப்பேன். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிடி பீடியை என் முறத்தில் போட்டுவிடுவார்கள்.

"நீ படி நைனா, உன் பங்க நான் சுத்திக்கிறேன்" என்பார் காதர் பாய். அவர் போடும் பிடிதான் எப்போதும் பெரிது.

மேஸ்திரி "கழிவு" என்று ஒதுக்கும் பீடிக்குக் கூலி கிடையாது. ஆனால் அதே பீடி மறுநாள் கடையில் விற்கும்!

வேறு ஊரில் தொழிலாளிகள் கழிவு பீடியை முதலாளிக்கு விடாமல் கசக்கிப் போட்டார்கள் என்று ஒருநாள் பேப்பரில் வந்தது. ஏற்ற இறக்கத்தோடு இரண்டு தரம் படித்தேன். "நாமளும் செய்யணும்" என்று வீரமாக வேறு சொன்னேன்.

அன்று சாயங்காலமே காதர் பாய் செய்தார். ஒதுக்கிய தன் பீடிக் கட்டை எடுத்து, மேஸ்திரி கண் முன்னாலேயே கசக்கித் தூளாக்கினார்.

"எவன்டா சொல்லிக் குடுத்தது?" என்று கத்தினான் மேஸ்திரி.

நான் தலையைக் குனிந்து இலை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"யாரும் இல்ல. நான் சுத்துன பீடி, நானே கசக்குறேன். இதுக்கு இன்னாத்துக்கு ஒருத்தன் சொல்லித் தரணும்?" என்றார் பாய்.

அவருக்கு வேலை போனது. மறுநாள் எல்லோரும் கசக்கினார்கள்... நானும், கும்பலோடு. ஒரே வாரத்தில் கழிவு பார்ப்பது நின்றது. அவரை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கப் போனார்.

நான் யூனியன் மேடை ஏறினேன். இந்தக் கதைக்குக் கைதட்டல் அள்ளும். முதலில் "ஒரு தோழர் கசக்கினார்" என்றுதான் சொன்னேன். சில வருடத்தில் அது "நாங்கள்" ஆனது. பிறகு எப்போதோ... "நான்".

ஒருமுறை தண்டையார்பேட்டை மீட்டிங்கில் முன்வரிசையில் காதர் பாய்! பார்த்தும் நான் கதையை மாற்றவில்லை. அவரும் கைதட்டினார்.

கீழே இறங்கியதும் வந்து தோளைத் தட்டினார். "நல்லா பேசுன நைனா. அப்ப பேப்பர் படிப்பியே... அதே குரல் அப்படியே கீது."

அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசி வரை கேட்கவில்லை. திட்டியிருக்கலாம் பாய்...

என் பேச்சைக் கேட்ட நண்பர்களே, முதலில் கசக்கியது நான் இல்லை. காதர் பாய்.

வெட்கமாக இருக்கிறது பாய். போய் வாங்க.