சுடரை மறைத்த கை

"முதல்லே அந்த லைட்டை அணையும் ஓய்" என்பார் வைரத் தரகர் பிச்சுமணி ஐயர். கிழக்கேகோட்டைத் தெருக்களுக்குக் கரண்ட் வந்து பத்து வருஷமாகிறது. கல்யாண வீட்டார் வைரத் தோடு மதிப்பிடக் கூப்பிட்டால், இன்றும் அவருக்கு எண்ணெய் விளக்குத்தான் வேண்டும். பூதக்கண்ணாடியை வலக்கண்ணில் இடுக்கிக்கொண்டு கல்லின் மேல் ஒருமுறை ஊதுவார். படிந்த ஆவி சட்டென்று விலகினால்தான் அடுத்த பேச்சு.

பழைய பட்டை, புதுப் பட்டை என்று அவருக்கு உலகமே இரண்டுதான். பழையது கையால் தீட்டியது. பட்டைகள் பெரிது; அத்தனை வட்டமாக இராது; அடிமுனையைச் சற்று மழுக்கியிருப்பார்கள். புதியது மிஷினில் தீட்டிய சுத்த வட்டம். "இது கரண்டுக்குப் பல்லைக் காட்டும். அது, சுடர் அசையறச்சே நின்னு எரியும். அதாக்கும் வைரம், கேட்டேளா?"

இவ்வளவு தெரிந்த மனுஷன் சொந்த வீட்டில் கோட்டைவிட்டார்.

மகள் விஜயத்துக்குத் தம் மனைவியின் பழைய பட்டைத் தோட்டைப் போட்டுக் கரமனையில் புக்ககத்துக்கு அனுப்பினார். மூன்றாம் மாதம் மாப்பிள்ளைக்கு விஷஜுரம். மாமியார் சிவகாமியம்மாள் தோட்டைக் கழற்றி பல்பின் கீழே பிடித்தாள். மழுங்கிய அடிமுனை மேலிருந்து பார்த்தால் சிறு வட்டமாகத் தெரியும்; எந்தப் பழைய கல்லிலும் தெரியும். "நடுவிலே ஓட்டை. தோஷக் கல்லைப் போட்டு எம்பிள்ளையைக் கொல்லப் பார்க்கறாளே" என்று தோட்டையும் பெண்ணையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினாள்.

விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கரமனைக்குப் போய், "இது ஓட்டையில்லை" என்று நாலு பேர் நடுவே காட்டியிருக்க வேண்டாமோ? பயந்துவிட்டார். கல்லைப் பம்பாய்க்கு அனுப்பிப் புதுப் பட்டையாக வெட்டச் சொன்னார். ஓட்டை போயிற்று; கூடவே எடையில் மூன்றில் ஒரு பங்கும் போயிற்று. தோட்டோடு பெண்ணை மறுபடி அனுப்பியபோது சிவகாமியம்மாள் கண்ணில் அந்தக் குறைவுதான் பட்டது. "கல்லை மாத்திட்டார். தரகர் புத்தி" என்றாள். தோட்டை வைத்துக்கொண்டாள், பெண்ணை வைத்துக்கொள்ளவில்லை.

"இருந்தா தோஷம், இல்லேன்னா திருட்டு. நான் என்ன செய்யணும், சொல்லும்" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். எனக்கு வசவுதான் வாயில் வந்தது. அந்த அம்மாளுக்கா, இவருக்கா என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் என் தங்கை பெண்ணுக்கு வாங்கிய தோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லுமுன்பே நான் எழுந்து லைட்டை அணைத்தேன்.

"விஜயம், விளக்கு."

அவள் இரு கையாலும் விளக்கை ஏந்தி வந்தாள். காது துளை தூர்ந்துவிடாமலிருக்க இரண்டு துண்டு ஈர்க்குச்சி செருகியிருந்தாள். மூன்று வருஷமாக அதுதான்.

விளக்கை வாங்கிக் கீழே வைத்தார் பிச்சுமணி ஐயர். என் பொட்டலத்தைத் தொடவில்லை. அவள் உள்ளே போகும்வரை, அவள் காதுப் பக்கம் வெளிச்சம் படாமல் உள்ளங்கையால் சுடரை மறைத்துக்கொண்டிருந்தார்.